மழைநாளில் எந்தப் பேருந்து ஓடும்: பொதுப் போக்குவரத்தின் காலநிலை இடரைத் திறமூலக் கருவிகளால் மதிப்பிடும் முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் சென்னை தத்தளித்தபோது, பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால், சென்ட்ரலிலிருந்து கிளம்ப வேண்டிய ரயில்கள் வரிசையாக ரத்தாயின. 2024 அக்டோபரில் மழை வலுத்தபோதும் அதே பகுதியில் தேங்கிய நீரே ரயில்களை நிறுத்தியது. மிக்ஜாமின்போது பரங்கிமலை மெட்ரோ நிலையத்தின் வாசலில் ஏறத்தாழ நான்கடி நீர் நின்றது. மேலே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. கீழிருந்து போய் அதில் ஏறத்தான் வழியில்லை. பயணிகள் ஆலந்தூர் நிலையத்துக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

காலநிலை இடரை "இத்தனை கிலோமீட்டர் பாதை நீரில் மூழ்கும்" என்று அளக்கும் அறிக்கையில் இந்த இரண்டு நிகழ்வுகளுமே கண்ணில் படாது. ஒன்றில் மூழ்கியது சில மீட்டர்தான். மற்றொன்றில் பாதை மூழ்கவே இல்லை. ஆகவே இந்த வழிகாட்டி பாதையை அளக்காமல் பயணத்தை அளக்கிறது: குறிப்பிட்ட அளவு மழை பெய்தால், எந்தப் பகுதியில் இருப்பவர் எந்த இடத்துக்குப் போக முடியாமல் போகும்? அதற்கு வேண்டிய மென்பொருள் முழுவதும் இலவசமாகவும் மூலநிரலோடும் கிடைக்கிறது. தரவுதான் இடறும். அது எங்கெங்கே இடறும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையின் பெரும்பகுதி செலவாகப் போகிறது. எடுத்துக்காட்டு நகரம் சென்னை. முறை எந்த நகரத்துக்கும் பொருந்தும்.

படி 1: கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள்

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2014-இல் நிறைவுசெய்த ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கையிலிருந்து, இடர் என்பது மூன்றின் சந்திப்பாகவே பார்க்கப்படுகிறது: ஆபத்து (மழை, வெள்ளம், வெயில்), அந்த ஆபத்தின் பாதையில் இருப்பவை (நிறுத்தம், தண்டவாளம், பணிமனை, பயணி), அவை எளிதில் பாதிக்கப்படும் தன்மை. மூன்றுக்கும் தனித்தனியே தரவு வேண்டும். முதல் இரண்டை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைபடம் வரைந்துவிட்டு அதற்கு "இடர் மதிப்பீடு" என்று பெயர் சூட்டுவது பரவலான பழக்கம்.

கேள்வியில் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: எந்த ஆபத்து, எந்தச் சேவை, எந்தக் காலம். "24 மணி நேரத்தில் 200 மி.மீ. மழை பெய்யும் ஒரு வேலைநாளின் காலை 7 மணி முதல் 10 மணி வரை, வியாசர்பாடியிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியுமா" என்பது விடை காணக்கூடிய கேள்வி. "சென்னைப் போக்குவரத்தின் காலநிலைத் தாங்குதிறன் என்ன" என்பது அப்படிப்பட்டதன்று.

படி 2: கணினியைத் தயார் செய்தல்

வரைபட வேலைக்குக் க்யூஜிஐஎஸ், நிரல் எழுதப் பைத்தான், அதில் ஜியோபாண்டாஸ், ராஸ்டரியோ ஆகிய நூலகங்கள் (ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்புகள்). 16 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி ஒரு நகரத்துக்குப் போதும். பயண நேரக் கணக்குக்கான ஆர்5பை நூலகத்துக்கு ஜாவாவும் வேண்டும். அதையும், இடர்க் கணக்குக்கான கிளைமேடாவையும் ஒரே பைத்தான் சூழலில் நிறுவாதீர்கள். ஒன்று கேட்கும் துணை நூலகப் பதிப்பு மற்றதற்கு ஒத்துவராமல் போகக்கூடும். இரண்டு சூழல்கள் வைத்துக்கொண்டால் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகும்.

இலவசம் வேறு, திறமூலம் வேறு. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹெக்-ராஸ் காசில்லாமல் கிடைக்கும் சிறந்த வெள்ள மாதிரி, அதாவது வெள்ளம் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் மென்பொருள்; ஆனால் அதன் மூலநிரல் திறந்ததன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எஸ்டபிள்யூஎம்எம், நெதர்லாந்தின் டெல்டாரஸ் நிறுவனத்தின் ஸ்ஃபிங்க்ஸ் ஆகியவற்றின் நிரல் திறந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் மதிப்பீட்டை இன்னொருவர் சரிபார்க்க முடிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

படி 3: வலையமைப்பைச் சேகரித்தல்

பேருந்து, ரயில் கால அட்டவணைகளுக்கு உலகப் பொதுவடிவம் ஜிடிஎஃப்எஸ். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து முகமையும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய இவ்வடிவம், உண்மையில் ஒரு ஜிப் கோப்புக்குள் கிடக்கும் சில உரைக்கோப்புகள்தான்: நிறுத்தங்கள் ஒன்றில், வழித்தடங்கள் ஒன்றில், நடைகள், அதாவது வண்டியின் ஒவ்வொரு ஓட்டமும், ஒன்றில், ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தொடும் என்பது இன்னொன்றில். இந்தியாவில் கொச்சி மெட்ரோ 2018-இல் தன் தரவை இவ்வடிவத்தில் திறந்துவிட்டது. டெல்லிக்குத் தனித் திறந்த தரவுத்தளமே உண்டு. உங்கள் நகரத்துக்குக் கோப்பு கிடைத்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் மொபிலிட்டிடேட்டா அமைப்பின் சரிபார்ப்புக் கருவியில் அதை ஓட்டிப் பாருங்கள். நள்ளிரவைத் தாண்டும் நடைகளில் நேரம் 25:10 என்று இருந்தால் அது பிழையன்று, மரபு. ஒரு நிறுத்தம் வங்கக் கடலுக்குள் இருந்தால் அது பிழை.

கோப்பே இல்லாத ஊருக்கு நிறுத்தங்களையும் பாதைகளையும், தன்னார்வலர்கள் வரையும் திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து ஓவர்பாஸ் டர்போ என்ற தேடல் கருவி வழியே எடுத்து, நடைகளின் எண்ணிக்கையைப் பணிமனையின் அட்டவணையிலிருந்து சேர்த்து, எளிய கோப்பு ஒன்றை நீங்களே உருவாக்கலாம். துல்லியமான நேரம் தெரியாவிட்டால், எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்ற இடைவெளியை மட்டும் எழுதவும் ஜிடிஎஃப்எஸ் இடம் தருகிறது.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து சாலைகளை எடுக்கும்போது பாலம், சுரங்கம், அடுக்கு ஆகிய மூன்று குறிச்சொற்களையும் சேர்த்தே எடுங்கள். ஏன் என்பது படி 7-இல் தெரியும். இன்னொன்று: எல்லா வரைபட அடுக்குகளையும் மீட்டர் அளவுள்ள ஒரே ஆயத்தொலை முறைக்கு (இடங்களை எண்களால் குறிக்கும் முறைக்கு) மாற்றிக்கொள்ளுங்கள். சென்னைக்கு யூடிஎம் 44 வடக்கு, அதாவது ஈபிஎஸ்ஜி 32644.

படி 4: ஆபத்துத் தரவு

மழைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கால் டிகிரிக் கட்டத் தரவு 1901 முதல் கிடைக்கிறது. நீண்டகாலப் போக்குக்கு அது நல்லது. ஒரு குறிப்பிட்ட நாளை ஆராயும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும்: துறையின் மழைநாள் காலை 8.30-க்கு முடிகிறது. தாம்பரத்தில் 49 செ.மீ. மழை என்று 2015 டிசம்பர் 2-ஆம் தேதியின் பெயரில் பதிவானதில் பெரும்பகுதி டிசம்பர் 1-ஆம் தேதி பெய்தது. பேருந்து ஓட்டப் பதிவோடு இதை ஒப்பிடும்போது தேதியைக் கவனிக்காவிட்டால், மழை பெய்வதற்கு ஒரு நாள் முன்பே பேருந்துகள் நின்றுவிட்டதாக உங்கள் வரைபடம் காட்டும்.

ஒரு நாளின் மொத்த மழையைவிட, அரை மணியில் எவ்வளவு கொட்டியது என்பதே சுரங்கப்பாதையை நிரப்புகிறது. நாசாவின் ஐமெர்க் செயற்கைக்கோள் தரவு அரை மணிக்கு ஒருமுறை, பத்தில் ஒரு டிகிரிக் கட்டத்தில் கிடைக்கிறது. நகரத்தின் அளவுக்குக் கட்டம் பெரியது, ஆனாலும் மழையின் வேகம் பிடிபடும். 2021 ஜூலை 20 அன்று சீனாவின் செங்சோ நகரில் ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. கொட்டியது, ஐந்தாம் எண் மெட்ரோ பாதையில் நீர் புகுந்து 14 பேர் இறந்தார்கள். நாள் மொத்தத்தை மட்டும் பார்க்கும் மாதிரிக்கு அந்த ஒரு மணி நேரம் புலப்படாது.

ஆற்று வெள்ளத்துக்கு ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையமும் உலக வள நிறுவனத்தின் அக்விடக்ட் திட்டமும் உலகளாவிய வரைபடங்களை இலவசமாகத் தருகின்றன. அவற்றைத் திறந்து பார்த்து "தி.நகரில் வெள்ளமே இல்லையே" என்று மகிழ வேண்டாம், ஆறு கரைபுரள்வதையும் கடல் ஏறுவதையும் கணக்கிட்டவை அவை, வடிகால் நிரம்பித் தெருவில் தேங்கும் மழைநீரை அல்ல. சென்டினல்-1 செயற்கைக்கோள்களின் ரேடார் படங்கள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் மிக்ஜாமின்போது இரட்டைக் கோள்களில் ஒன்று பழுதாகியிருந்ததால், மற்றொன்று அதே கோணத்தில் ஓரிடத்துக்குத் திரும்பிவரப் பன்னிரண்டு நாள் ஆனது. மேலும் இருபுறமும் கட்டடங்கள் நெருங்கிய தெருவில் ரேடார் அலை சுவரில் பட்டுத் திரும்புவதால் நீர் சரியாகத் தெரியாது. வயலுக்கும் ஏரிக்கும் அது அருமையான கருவி. ரங்கநாதன் தெருவுக்கு அன்று.

படி 5: உயரத் தரவு, அதாவது எல்லாரும் வழுக்கி விழும் இடம்

தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகும். ஆகவே பள்ளம் எங்கே என்று தெரிய வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவில் இப்போது பலரும் எடுப்பது கோப்பர்நிகஸ் 30 மீட்டர்த் தரவு. அதன் செங்குத்துத் துல்லியம் 4 மீட்டருக்குள் என்று சொல்லப்படுகிறது. மலையூருக்கு அது போதும். கடலோரச் சமவெளியில், ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் அரை மீட்டர் வேறுபாட்டில் வெள்ளம் தீர்மானமாகும் சென்னைக்கு 4 மீட்டர்ப் பிழை என்பது முழு விடையையும் விழுங்கும் பிழை. அதோடு அது தரையின் உயரத்தை அல்ல, மேற்பரப்பின் உயரத்தைத் தருவது. நெருக்கமான குடியிருப்பில் தெருவின் உயரமாக வருவது பக்கத்து வீட்டு மொட்டைமாடியும் தெருவும் கலந்த சராசரி. கட்டடங்களையும் மரங்களையும் கழித்துத் திருத்திய ஃபேப்டெம் தரவு நகரத்துக்கு இதைவிட நல்லது. ஆனால் அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை, ஆலோசனை நிறுவனங்கள் கவனிக்கவும்.

இந்தத் தரவை எடுத்து ஒயிட்பாக்ஸ்டூல்ஸ் கருவியில் பள்ளங்களை நிரப்பி, நிரப்பியதிலிருந்து மூலத்தைக் கழித்தால், நீர் தேங்கக்கூடிய பள்ளங்களும் அவற்றின் ஆழமும் கிடைக்கும். அருகிலுள்ள வடிகாலிலிருந்து ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் கணக்கிடலாம். இரண்டுமே பத்து நிமிட வேலை. மழை, வடிகால், கடல் ஏற்றம் எல்லாவற்றையும் சேர்த்து முறையாக ஓட்ட வேண்டுமானால் ஸ்ஃபிங்க்ஸ். மழைநீர் வடிகாலின் குழாய் விட்டமும் சரிவும் கையில் இருந்தால் எஸ்டபிள்யூஎம்எம். கூவமும் அடையாறும் கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடிடுவதும், ஏற்ற நேரத்தில் கடல் நீர் எதிர்த்து நிற்பதும் சென்னை வெள்ளத்தின் பாதிக் கதை என்பதால், கடல் மட்டத்தை எல்லை நிபந்தனையாக (மாதிரியின் விளிம்பில் நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற விவரமாக) தராமல் எந்த மாதிரியையும் ஓட்டாதீர்கள்.

நான் முதன்முதலில் இப்பள்ளக் கணக்கை ஓட்டியபோது, ஒவ்வொரு மழைக்கும் செய்தியில் இடம்பிடிக்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை வரைபடத்தில் காய்ந்து கிடந்தது. காரணம் எளியது: அது ரயில் பாதைக்கு அடியில் இருக்கிறது, செயற்கைக்கோள் பார்த்தது மேலேயுள்ள ரயில் பாதையை. துரைசாமி, மேட்லி, அரங்கநாதன் என்று பேருந்து ஓட்டுநர்கள் மழைக்காலத்தில் முதலில் விசாரிக்கும் எல்லாச் சுரங்கப்பாதைகளும் இப்படியே மறைந்துபோகும். மாதிரி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், சுரங்கப்பாதைகளைக் கையால்தான் சேர்க்க வேண்டும்.

படி 6: களத்தில் இறங்குதல்

ஓடிகே என்ற திறமூலச் செயலியில் தமிழிலேயே கேள்விப் படிவம் தயாரிக்கலாம். இணையம் இல்லாத இடத்திலும் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு கேள்விகள் போதும்: கடந்த பெருமழையில் நீர் எதுவரை நின்றது, எத்தனை மணி நேரம் நின்றது, பேருந்து நின்றுபோனதா சுற்றிப்போனதா, நடைபாதையில் நடக்க முடிந்ததா.

செ.மீ. கணக்கில் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஒரு நிறுத்தத்தையொட்டிய பெட்டிக்கடையில் நான் "எத்தனை அடி இருந்தது" என்று கேட்டதற்குக் கடைக்காரர் யோசித்தார். "எதுவரைக்கும் வந்துச்சு" என்று மாற்றிக் கேட்டதும் கல்லாப்பெட்டிக்கு வெளியே வந்து முழங்காலுக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினார். பிறகு அவரே சுவரில் சேறு காய்ந்த கோட்டையும் காட்டினார். டேப்பில் அளந்தால் 52 செ.மீ. படிவத்தில் கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு என்றே தெரிவுகள் வையுங்கள். அவற்றை முறையே ஏறத்தாழ 10, 50, 100, 130 செ.மீ. என்று பின்னால் மாற்றிக்கொள்ளலாம். சுவர்க்கோடு கிடைக்கும் இடத்தில் மட்டும் டேப்.

2015 வெள்ளத்தின்போது தன்னார்வலர்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாகக் கொண்டு, நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே குறிக்கும் வரைபடம் ஒன்றை இயக்கினார்கள். அதுபோன்ற பழைய பதிவுகளும், மாநகராட்சி அறிவிக்கும் நீர் தேங்கும் இடங்களின் பட்டியலும், பணிமனை நேரக் காப்பாளரின் நினைவும் உங்கள் மாதிரிக்கு உரைகல். மாதிரி சொல்லும் இடங்களையும் மக்கள் சொல்லும் இடங்களையும் அருகருகே வைத்து, எத்தனை பொருந்துகின்றன, எத்தனை தவறின, எத்தனை வீண் எச்சரிக்கை என்று எண்ணிப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 7: ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தல்

வெள்ள ஆழக் கட்டங்களையும் வழித்தடக் கோடுகளையும் சேர்க்கும்போது, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஸ்னெய்ல் நூலகம் உதவும். அது கோட்டைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஆழத்தை ஒட்டித் தரும். இந்த நிலையில் கத்திப்பாரா மேம்பாலம் மூழ்கியதாகவும், கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலின் உயர்பாதை முழுவதும் நீருக்குள் இருப்பதாகவும் முடிவு வரும். வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். பாலம் என்று குறிக்கப்பட்ட துண்டுகளின் ஆழத்தைச் சுழியமாக்குங்கள். சுரங்கம் என்று குறிக்கப்பட்டவற்றுக்குக் களத்தில் கிடைத்த ஆழத்தைக் கொடுங்கள்.

அதன்பின் நிலைய வாசல்கள். உயர்பாதை நிலையமானாலும் நிலத்தடி நிலையமானாலும் பயணி தரைவழியாகத்தான் நுழைகிறார். ஜிடிஎஃப்எஸ் கோப்பில் வாசல்களைத் தனியே பதிய இடமுண்டு. இல்லாவிட்டால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே பதியுங்கள். தெருவிலிருந்து வாசல் மேடைக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்று எண்ணி, ஒரு படியை அளந்து பெருக்கினால் நீர் உள்ளே புகும் மட்டம் கிடைக்கும். சாய்தளமும் மின்தூக்கியும் உள்ள வாசலைத் தனியாகக் குறிக்கவும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த ஒரு வாசல்தான் நிலையம்.

படி 8: ஆழத்தைச் சேவையாக மொழிபெயர்த்தல்

நீரின் ஆழம் கூடக் கூடக் காரின் வேகம் எப்படிக் குறையும் என்று 2017-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 300 மி.மீ. ஆழத்தில் கார் ஓட்டம் நின்றுவிடும் என்று காட்டியது. பேருந்துக்கு அதே எண்ணை எடுத்துப் போடலாகாது. தளத்தின் உயரம் பழைய வகைப் பேருந்தில் 900 மி.மீ., தாழ்தளப் பேருந்தில் 400 மி.மீ. தாழ்தளம் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் பெற்ற உரிமையைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அந்த வண்டிகள் ஓடும் வழித்தடங்களில்தான் நீர் வடிதல் முதலில் சரியாக வேண்டும் என்பதே இதன் பொருள். இன்னொரு காரணியை எந்த வாய்பாடும் சொல்லாது. கலங்கிய நீருக்கடியில் சாலை தெரியவில்லையென்றால், திறந்து கிடக்கும் வடிகால் பள்ளத்துக்கு அஞ்சி, இருபது செ.மீ. ஆழத்திலேயே ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிடுவார். அவர் செய்வது சரி.

நான் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளும் எல்லைகள்: 15 செ.மீ. வரை வேகக் குறைவு, 30-க்கு மேல் சுற்றுவழி, 45-க்கு மேல் நிறுத்தம். இவை என் ஊகங்கள். உங்கள் பணிமனையில் கேட்டு மாற்றுங்கள். எல்லையைப் பத்து செ.மீ. கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்த்து, இறுதிப் பட்டியல் தலைகீழாக மாறுகிறதா என்று கவனியுங்கள்.

நீளக் கணக்கின் ஏமாற்று இங்கேதான் வெளிப்படும். 18 கி.மீ. வழித்தடத்தில் 60 மீட்டர் சுரங்கப்பாதை மட்டும் மூழ்கினால், நீளத்தில் பாதிப்பு 0.33 விழுக்காடு. நாளொன்றுக்கு அத்தடத்தில் ஓடும் நடைகளில் பாதிப்பு 100 விழுக்காடு.

அடுத்து, பாதிப்பை ஜிடிஎஃப்எஸ் கோப்புக்குள் எழுத வேண்டும். மூழ்கிய நிறுத்தங்களை மட்டும் அழித்துவிட்டுக் கோப்பைச் சேமிப்பது வழக்கமான தவறு. அப்படிச் செய்தால் பேருந்து வெள்ளத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் பறந்து போய்ச் சேர்ந்ததாகக் கணினி எடுத்துக்கொள்ளும். உண்மையில் மூன்றில் ஒன்று நடக்கும்: நடை ரத்தாகும், சுற்றுவழியில் போகும், அல்லது பாதியில் திருப்பிக் கட் சர்வீஸாக இயக்கப்படும். கட் சர்வீஸ் என்றால் ஒரு நடையை இரண்டாக உடைத்து, இரண்டுக்கும் தனி அடையாள எண் தர வேண்டும். சுற்றுவழிக்கு, ஓஎஸ்எம்என்எக்ஸ் நூலகத்தில் மூழ்கிய சாலைகளை நீக்கி மாற்றுப் பாதை தேடலாம். ஆனால் கணினி கண்டுபிடிக்கும் சந்து வழியே 12 மீட்டர் பேருந்து திரும்புமா என்பதை ஊர் தெரிந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சாலை வலையமைப்பில் எந்த ஓர் இணைப்பு போனால் அதிக இழப்பு என்று மட்டும் அறிய விரும்புவோர்க்கு டெல்டாரஸின் ஆர்ஏ2சிஇ கருவி அதைத் தானாகவே செய்து தரும்.

படி 9: யார் எங்கே போக முடியவில்லை

கையில் இப்போது இரண்டு கோப்புகள்: வெயில் நாளுக்கு ஒன்று, மழைநாளுக்கு ஒன்று. ஹெல்சிங்கி பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய ஆர்5பை நூலகத்துக்கு இவற்றோடு ஓபன்ஸ்ட்ரீட்மேப் சாலைக் கோப்பையும் கொடுத்தால், நகரத்தின் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒவ்வொரு சேருமிடத்துக்கும் ஆகும் பயண நேரத்தைக் கணக்கிடும். ஒரே ஒரு புறப்பாட்டு நேரத்தை வைத்துப் பார்க்காமல், இரண்டு மணி நேரச் சாளரத்தில் இடைநிலை மதிப்பை எடுங்கள், இல்லாவிட்டால் 8.02 பேருந்தைத் தவறவிட்டதெல்லாம் வெள்ளப் பாதிப்பாகத் தோன்றும். மழைநாள் கணக்கில் நடைபாதைகளையும் வெட்டுவது அவசியம். இடுப்பளவு நீரில் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் பயணி நடந்து போகிறார் என்று எடுத்துக்கொள்ளும் கணக்கு யாருக்கும் பயன்படாது.

மக்கள்தொகைக்கு வேர்ல்ட்பாப் 100 மீட்டர்க் கட்டங்கள் உண்டு. இந்தியாவைப் பொறுத்தவரை அவை சாய்ந்து நிற்பது 2011 கணக்கெடுப்பின்மேல் என்பதால், அதன்பின் மறுகுடியமர்த்தப்பட்ட பெரும்பாக்கம் போன்ற இடங்களில் எண்கள் குறைவாக வரலாம். அங்கே குடியிருப்பு எண்ணிக்கையை வைத்துத் திருத்துங்கள். சேருமிடமாக மருத்துவமனை, பள்ளி, மொத்தச் சந்தை, தொழிற்பேட்டை ஆகியவற்றைத் தனித்தனியே எடுங்கள். "ஒரு மணி நேரத்துக்குள் அரசுப் பொது மருத்துவமனையை எட்டக்கூடியவர்கள் இத்தனை பேர் குறைகிறார்கள்" என்ற ஒரு வரிதான் அதிகாரிகள் கூட்டத்தில் நிற்கும்.

படி 10: பணிமனையை மறக்க வேண்டாம்

வழித்தடம் காய்ந்திருந்தும் பேருந்து வெளியே வர முடியாத நாள்கள் உண்டு. பணிமனையின் வாசல், டீசல் நிலையம், பழுதுபார்க்கும் குழிகள் ஆகியவற்றின் மட்டத்தைத் தனியே அளக்கவும். மின்பேருந்து வந்தபின் இதன் எடை கூடிவிட்டது. 2025 ஜூன் 30 அன்று சென்னையில் 120 தாழ்தள மின்பேருந்துகள் தொடங்கிவைக்கப்பட்டது வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து. நகரத்தின் தாழ்வான பகுதிகளில் ஒன்றில் மின்னேற்றிகள் நிற்கின்றன என்றால், மின்னேற்றி மேடையின் உயரம், மின்மாற்றியின் உயரம், அந்த இணைப்புக்கு மின்சாரம் தரும் துணைமின் நிலையம் ஆகிய மூன்றையும் வெள்ள வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பணிமனை ஒருநாள் முடங்கினால் எந்தெந்த வழித்தடங்களில் எத்தனை நடைகள் குறையும் என்பதைப் படி 8-இன் முறையிலேயே கணக்கிடலாம்.

படி 11: வெயில்

வெள்ளம் ஆண்டில் சில நாள். வெயில் பல மாதம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. ஆனாலும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரை வாட்டுவது காற்றின் வெப்பம் மட்டுமன்று. ஈரப்பதமும், நேர்வெயிலும், தார்ச்சாலையிலிருந்து எழும் அனலும் சேர்ந்தது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்திலிருந்து நிறுத்தங்களின் "வெப்பநிலை" எடுப்பவர்கள், அது காலை ஏறத்தாழ பத்தரை மணிக்குப் பார்த்த தரைப்பரப்பின் வெப்பம் என்பதை மறந்துவிடுகிறார்கள். எந்த நிறுத்தம் மற்றதைவிட மோசம் என்று ஒப்பிட அது உதவும். மனித உடல் படும் பாட்டை அது சொல்லாது.

அதற்கு க்யூஜிஐஎஸ்ஸில் இயங்கும் யூமெப் செருகுநிரல் கட்டட நிழலையும் மர நிழலையும் மணிக்கணக்கில் கணக்கிடும். கிடைக்கும் கதிர்வீச்சு வெப்பத்தை பைதெர்மல்கம்ஃபர்ட் நூலகத்தில் கொடுத்தால் யூடிசிஐ என்ற உடல்வெப்பக் குறியீடு வரும். 32-க்கு மேல் கடும் வெப்ப அழுத்தம், 38-க்கு மேல் மிகக் கடுமை, 46-க்கு மேல் உச்சம். இந்த எண்ணை, அந்த நிறுத்தத்தில் அந்த நேரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் நிமிடங்களோடு பெருக்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும் நிழலற்ற நிறுத்தத்தைவிட, நாற்பது நிமிடத்துக்கு ஒன்று வரும் அரைநிழல் நிறுத்தம் மோசமானதாக வரக்கூடும். நிழற்குடை அமைக்க இடம் இல்லாத சாலையில் பேருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் வெப்ப நிவாரணம்தான் என்பது அப்போது புரியும்.

படி 12: வருங்காலம்

நாசாவின் நெக்ஸ்-ஜிடிடிபி தரவு, பல காலநிலை மாதிரிகளின் நாள்வாரி முடிவுகளைக் கால் டிகிரிக் கட்டத்தில் தருகிறது. எக்ஸ்கிளிம் நூலகம் அவற்றிலிருந்து அதிவெப்ப நாள்கள், உச்ச மழை போன்ற குறியீடுகளைக் கணக்கிடும். ஒரே மாதிரியின் முடிவை நம்பாதீர்கள். குறைந்தது ஐந்தாறு மாதிரிகளின் பரவலைக் காட்டுங்கள். மணிநேர மழைக்கு இத்தரவு உதவாது என்பதால், ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக ஈரம் கொள்ளும் என்ற இயற்பியல் விதியைக் கொண்டு இன்றைய உச்ச மழையைப் பெருக்கி, படி 5 முதல் மீண்டும் ஓட்டுவது நடைமுறைக்கு ஏற்றது.

"நூறாண்டு வெள்ளம்" என்ற சொல்லை அறிக்கையில் எழுதினால், அதன் பொருளையும் கூடவே எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு விழுக்காடு வாய்ப்புள்ள வெள்ளம், முப்பது ஆண்டு பயன்படப்போகும் பணிமனையை அக்காலத்தில் ஒருமுறையாவது தாக்க 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஐந்து, பத்து, ஐம்பது, நூறாண்டு வெள்ளங்களை ஓட்டி, ஒவ்வொன்றிலும் இழக்கப்படும் பயணங்களை வாய்ப்போடு பெருக்கிக் கூட்டினால், ஆண்டுச் சராசரி இழப்பு கிடைக்கும். சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தின் கிளைமேடா இதற்கென்றே கட்டப்பட்டது. அதில் சொத்து மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் நாள்வாரிப் பயணிகள் எண்ணிக்கையை வைத்தால் நம் வேலைக்குப் பொருந்திவிடும். சென்னையில் பெரும்பாலும் சிறுமழையே சேர்த்துப் பார்த்தால் அதிகப் பயணங்களைத் தின்கிறது என்று உங்கள் கணக்கு சொன்னால் வியப்படைய வேண்டாம்: ஆண்டுக்கு நான்கு முறை ஒரு சுரங்கப்பாதை ஆறு மணி நேரம் மூடப்படுவது எந்தப் புயலின் பெயரிலும் பதிவாவதில்லை.

படி 13: பட்டியலும் சோதனையும்

இறுதியில் தர வேண்டியது வண்ண வரைபடமன்று. இருபது இடங்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே இழக்கப்படும் பயணங்கள், பாதிக்கப்படும் மருத்துவமனை அணுக்கம், காரணம், தரவின் நம்பகம். நம்பகம் என்ற கட்டத்தில் "சுவர்க்கோடு அளந்தது", "கடைக்காரர் சொன்னது", "மாதிரி மட்டும்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். நிரலையும் எல்லை எண்களையும் கிட் களஞ்சியத்தில் (மாற்றங்களின் வரலாற்றோடு நிரலைச் சேமிக்கும் இடத்தில்) வைத்துவிடுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைத் திருத்திச் சேர்த்து உருவாக்கிய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

பட்டியலை செப்டம்பர் மாதத்துக்குள் பணிமனைகளுக்கு அனுப்பிவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழையின் முதல் பலத்த மழை அக்டோபரில் வரும் நாளன்று, மாலையில் மூடப்பட்ட சுரங்கப்பாதைகளையும் திருப்பிவிடப்பட்ட வழித்தடங்களையும் குறித்துக்கொண்டு, பட்டியலில் இல்லாமல் மூழ்கிய இடங்களை மட்டும் தனித் தாளில் எழுதுங்கள். அடுத்த நாள் டேப்பை எடுத்துக்கொண்டு முதலில் போக வேண்டியது அந்த இடங்களுக்குத்தான், சேற்றுக்கோடு அழிவதற்குள்.